முஜிப் ஏற்றமும் இருபத்திரண்டு கிலோமீட்டரும்

ஹிக்மத் அரசாங்க முத்திரையை நம்புகிற மனிதர். ஜோர்டான் தலைநகர் அம்மானில் அந்த ஜாதியில் அதிகம் பேர் மிச்சமில்லை. ஜபல் ஹுசைனில் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். துணியின் ஓரத்தில் ‘சுருங்காது’ என்று முத்திரை இருந்துவிட்டால் தலையில் அடித்துச் சத்தியம் செய்து விற்பார். துவைத்த பிறகு அது சுருங்கி ஜன்னலின் பாதியில் ஏறி நின்றதென்று யாராவது சண்டைக்கு வந்தால், ஜன்னல் நீண்டுவிட்டதோ என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அவர் புதிதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். பெட்ரோலில் ஓடும் குடும்பக் கார். பின்கண்ணாடியின் மூலையில் தங்க நிறத்தில் வட்டமாக ஒரு வில்லை. ‘லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்’ என்று எழுதி, கீழே தேசிய எரிபொருள் அளவை வாரியத்தின் முத்திரை. கார் தூசி படிந்து கிடந்தாலும் அந்த வில்லையை மட்டும் தினமும் காலையில் கைக்குட்டையால் துடைப்பார்.

எல்லா வினையும் அந்த வில்லையில்தான் தொடங்கியது.

மாதக் கடைசியில் அம்மானில் ஒரு நோன்பு உண்டு. எந்தக் கிதாபிலும் இல்லாத நோன்பு. பெட்ரோலுக்குப் புது விலை மாதம் பிறக்கும்போதுதான் வரும். நாளை விலை இறங்கப்போகிறது என்று யாராவது ஒரு மச்சான் சொல்லிவிட்டால் போதும், இன்றைக்கு ஒருவன் வண்டிக்குத் தண்ணீர்கூடக் காட்டமாட்டான். ஊரே ஆவியில் ஓடும். ஹிக்மத்தின் மகன் குதைபாவுக்குப் பெண் கேட்டு ஜாஹா கிளம்பிய நாள், கெட்ட வேளையாக, அப்படிப்பட்ட ஒரு மாதக் கடைசி.

ஜாஹா என்றால் விளையாட்டல்ல. இரண்டு தரப்புக்கும் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரைத் தலைமைக்குப் பிடித்து, சொந்தபந்தத்தில் உள்ள ஆண்களெல்லாம் கார் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் காப்பி ஊற்றுவார்கள். தலைவர் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்து விஷயத்தைச் சொல்லுவார். பெண்ணின் தகப்பன் ‘காப்பியைக் குடிங்க’ என்று சொன்னால் பெண் கிடைத்தது. சொல்லாவிட்டால் காப்பி ஆறும். கூடவே எல்லாமும் ஆறும்.

பெண் ஹனீனின் வீடு அல்-கஸரில், முஜிப் பள்ளத்தாக்கைத் தாண்டி. அம்மானிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஹிக்மத் வில்லையைப் பார்த்தார், மனக்கணக்குப் போட்டார், பங்க் பையனிடம் சொன்னார்.

“அஞ்சு லிட்டர் போடுப்பா. வண்டில பாஷா வர்றாரு, அவரு மரியாதைக்கு ஒரு அரை லிட்டர் சேர்த்துக்க.”

“முஜிப் ஏத்தம் இருக்கே, சார்?”

“வில்லைல ஏத்தம் எறக்கம்னு ஒண்ணும் போடலையே.”

பள்ளத்தாக்கில் கார் அழகாக இறங்கியது. ஏற்றத்தில், மூன்றாவது வளைவில், இருமியது. பிறகு கல்யாணத்துக்கு வந்த கிழவர் தூங்கிப்போவதுபோல நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஜாஹாத் தலைவர் ஃபன்தி பாஷா, ஓய்வுபெற்ற ஜெனரல், இரண்டு ஆள் கனம். பின்னால் வரிசையாக இருபது கார். அவர்களிடம் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கலாம் என்றால் அவர்களும் அதே நோன்பில் இருந்தார்கள். வெயிலுக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்ததில் அவர்களுடைய வண்டிகளும் ஒவ்வொன்றாக அடங்கின.

கடைசியில் மேலிருந்து, பின்னால் பெட்ரோல் கேன்களை அடுக்கிக்கொண்டு, ஒரு பிக்கப் இறங்கி வந்தது. கையில் பெட்ரோல் கேனோடு இறங்கிய வாலிபன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவன் பெயர் தலால். ஹனீனின் சித்தப்பா மகன். மற்றவன் வந்து கேட்கும்வரை பெண் அவனுக்குத்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த அதே தலால்.

அல்-கஸர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மன்ஸஃப் தட்டுகளில் சோறு விறைத்து, ஆட்டுக்கறிமேல் தயிர்க்குழம்பு ஆடை கட்டியிருந்தது. பெண்ணின் தகப்பன் அபூ துர்கி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடம் ராணுவத்தில் எண்ணெய்க் கிடங்கைக் காத்தவர். அவருக்கு முன்னால் பெட்ரோல் தீர்ந்த கதையைச் சொல்வது, மீன்காரியிடம் மீன் நாறுகிறது என்று சொல்வதுபோல.

“பெட்ரோல் தீர்ந்துடுச்சா?” என்றார் அபூ துர்கி. “எவ்வளவு போட்டீங்க?”

ஹிக்மத் சொன்னார். வில்லையையும் காட்டினார். அபூ துர்கி டார்ச் அடித்து அதை நிதானமாகப் படித்தார்.

“அரசாங்க முத்திரை. நான் ராத்திரி பகலா கும்பிட்டுக் காவல் காத்த முத்திரை. இது இருபத்திரண்டுங்குது. உன் வண்டி பாதியில நின்னேங்குது. ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான், அபூ குதைபா. நீயா, முத்திரையா?”

“அல்லா சத்தியமா நான் இல்லைங்க!” என்றார் ஹிக்மத். ‘அபூ குதைபா’ என்றால் குதைபாவின் அப்பா; மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது அங்கே மரியாதை.

“அப்ப முத்திரை போட்டவனைக் கூட்டிட்டு வா. என் வீட்ல உக்காந்து, முன்னாடி காப்பியை வச்சுக்கிட்டு, இந்த நம்பரை அவன் வாயால சொல்லட்டும். பெட்ரோல் விஷயத்துல வாய் கூசாம பொய் சொல்ற வீட்டுக்கு நான் பொண்ணு தர்றதா இல்ல. ரமழான் பிறக்கற வரைக்கும் பாப்பேன். அப்புறம் தலால் இருக்கான்.”

தலால் ஓரமாக நின்று கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியெல்லாம் குதைபா வாயைத் திறக்கவில்லை. அப்பாவைத் திட்டியிருந்தால் ஹிக்மத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஆஸ்பத்திரியில் செவிலியர் வேலை பார்ப்பவன், வலியில் கிடப்பவரைத் திட்டக் கூடாதென்று பழகியவன். தன்னுடைய ஐந்தரை லிட்டர் மகனின் வாழ்க்கையை வழியில் நிறுத்திவிட்டதே என்று ஹிக்மத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வாரியத்தின் வாசலில் நின்றார்.

வாரியம் ஊருக்கு வெளியே, அம்மானைச் சுற்றித் தேடினால் கிடைக்கும் ஒரே சமதரையில் இருந்தது. தலைவரின் பெயர் டாக்டர் எஞ்சினியர் வஜீஹ். இரண்டு பட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் காதில் விழாது. அவர் ஹிக்மத்தின் கதையை முழுவதும் கேட்டார். கேட்டபிறகு இரக்கத்தோடு சிரித்தார்.

“அபூ குதைபா, நீங்க ரோட்டுல ஓட்டியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“அங்கதான் தப்பு.” தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ரோடுங்கறது அளவைக்கு எதிரி. மேடு, பள்ளம், காத்து, வெயில், குறுக்க ஓடுற ஆடு. இதையெல்லாம் கணக்குல எடுத்தா நாங்க ஒரு உண்மையான நம்பர் சொல்ல முடியுமா? ஒருத்தர்கூட இதுவரைக்கும் என்னைப் பக்கச்சார்புன்னு சொன்னதில்லை. ஏன்னு கேளுங்க.”

“ஏங்க?”

“நான் என் வாழ்க்கையில பெட்ரோல் பங்க்ல கால் வச்சதில்லை. காலைல வண்டி தானா நிறைஞ்சு வாசல்ல நிக்கும். லிட்டர் என்ன விலைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அதனாலதான் இந்த விஷயத்துல நடுநிலையா இருக்க முடியுது.”

அதை ஒரு தியாகம்போல அவர் சொன்னார். ஹிக்மத்துக்கும் அந்த நேரத்தில் அது தியாகமாகத்தான் பட்டது.

பிறகு ஹிக்மத்தின் காரையே நிலவறைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துக் காட்டினார்கள். சக்கரங்களுக்குக் கீழே உருளைகள். காரை நாலு பக்கமும் சங்கிலியால் கட்டினார்கள். காற்று இல்லை, வெயில் இல்லை, ஏசி இல்லை, ரேடியோகூட இல்லை. ஓட்டுவதற்கு ஸமீஹ் என்று ஒருவர் வந்தார். முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டதுபோல இருந்தார். வாரியத்தில் பதினைந்து வருடமாகச் சோதனை ஓட்டுநர். எடை கூடினால் வேலை போய்விடும் என்பதால் சோதனை முடிந்த பிறகுதான் சாப்பிடுவாராம்.

“ரோட்டுல ஓட்டறப்போ எப்படி, அண்ணே?” என்று ஹிக்மத் பேச்சுக் கொடுத்தார்.

“ரோட்டுலயா? எனக்கு லைசென்சே கிடையாதே,” என்றார் ஸமீஹ். “பஸ்லதான் வர்றேன்.”

உருளைகள் சுழன்றன. கார் நின்ற இடத்திலேயே உறுமியது. கடைசியில் பலகையில் எண் விழுந்தது. இருபத்திரண்டுக்கும் கொஞ்சம் மேலேயே.

“பாத்தீங்களா!” தலைவர் கையைத் தட்டினார்.

“என் வண்டிதானா இது?” ஹிக்மத் குனிந்து நம்பர் பலகையைப் பார்த்தார். “இவ்வளவு கம்மியாக் குடிச்சு இது எங்க வரைக்கும் போச்சு?”

“எங்கயும் போகலை,” என்றார் தலைவர். “அதனாலதான்.”

கார் சுத்தம் என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆகவே கோளாறு ஹிக்மத்திடம் இருந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வாரியத்திலிருந்து ஒரு குழு ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கே வந்தது. அவர்கள் வந்த நேரம், குடும்பம் ஜெரஷ் பக்கம் மரநிழலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. டிக்கியில் அடுப்பு, கரி மூட்டை, பாய், மடக்கு நாற்காலி, ஹூக்கா, தேநீர்க் கெண்டி, மேலே ஒரு தர்பூசணி. குழுத் தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தார். தர்பூசணியை இரண்டு தடவை நிறுத்தார்.

“இதை அங்க போய் வாங்கிக்கக் கூடாதா?”

“அங்க வாங்கினா திரும்பி வர்றப்போ வயித்துல இருக்குமே, சார்,” என்றான் ஹிக்மத்தின் சின்ன மகன்.

அடுத்து மனைவி நஜாஹைத் தராசில் ஏறச் சொன்னார்கள். நஜாஹ் இடுப்பில் கையை வைத்தார்.

“என் எடையைக் கேக்க உங்க வாரியத்துக்கு என்ன துணிச்சல்? என்னைக் கட்டிக்கிட்ட மனுசன் இருபத்தாறு வருஷத்துல கேட்டதில்லை! ஏறணும்னா உங்க தலைவர் பொண்டாட்டியை முதல்ல ஏத்திக் காட்டுங்க, வந்து ஏறுறேன்!”

‘ஒத்துழைக்க மறுத்த எடை’ என்று குழு குறித்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து ஹிக்மத்தை அழைத்துத் தலைவர் தீர்ப்பைச் சொன்னார். வண்டியில் குறை இல்லை. குடும்பம்தான் தரத்துக்கு மேல் இருக்கிறது. வீடும் குன்றின்மேல் இருக்கிறது.

“அம்மானே குன்றுதானுங்களே!”

“அது நகராட்சியோட தப்பு. நாங்க எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது?”

“குடும்பக் கார்னு சொல்லித்தானுங்க வாங்கினேன்.”

“குடும்பம் உள்ளவர் வாங்கற கார், சரி. குடும்பத்தை அதுல ஏத்துங்கன்னு நாங்க சொன்னோமா?” தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போங்க. முதல்ல வீட்டம்மா. இறக்கி விட்டுட்டு வந்து பெரிய பையன். பாருங்க, ஒவ்வொரு நடைக்கும் நம்பர் எவ்வளவு அழகா வரும்னு!”

ஜெரஷுக்கு ஆறு நடை போவதை ஹிக்மத் ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். யோசித்தார் என்பதுதான் வெட்கம். அவ்வளவு தூரம் முத்திரை அவரைப் பிடித்து வைத்திருந்தது. வாரியம் நடத்திய ‘முன்மாதிரி ஓட்டுநர்’ பயிற்சிக்கும் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டக் கற்றார். பிரேக் பிடிக்காமல் ஓட்டக் கற்றபோது ஒரு தக்காளி வண்டியை இடித்தார். கோபம் வந்தால் கால் கனக்கும், ஆகவே மனதில் ஒன்றும் நினைக்காமல் ஓட்ட வேண்டும் என்றார்கள். அவருக்கோ மகனைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. எண் பதினொன்றைத் தாண்டவே இல்லை.

ஷாபான் பிறை தெரிந்தது. ரமழானுக்கு ஒரு மாதம்தான். ஒரு நாள் மாலை ஹிக்மத் படியேறும்போது குதைபா மாடத்தில் நின்று போனில் பேசுவது காதில் விழுந்தது.

“உங்க அப்பா சொன்னா சொன்னதுதான், தெரியும் ஹனீன். எங்க அப்பாவும் தெனம் வாரியத்துலதான் போய் நிக்கறாரு... இல்ல, அவரு மேல கோவம் இல்ல. பாவம், அவரு நம்பிட்டாரு.”

ஹிக்மத் மேலே ஏறாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குப்பைக்கூடையோடு கீழே வந்த நஜாஹ், கணவன் அழுவதைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார்.

“இந்தா மனுசா. இத்தனை நாளா நீ அந்த ஆள்கிட்ட என்னன்னு கேட்டே?”

“நம்பர் தப்புன்னு ஒத்துக்கங்கன்னு கேட்டேன்.”

“அட மக்கு! பெரிய மனுசன்கிட்ட தப்பை ஒத்துக்கன்னு கேட்டா ஒத்துக்குவானா? ஜாஹாவுக்குத் தலைமை தாங்குங்கன்னு கேளு. இந்த ஊர்ல அதை வேண்டாம்னு சொன்ன ஆம்பளையை நீ பாத்திருக்கியா?”

நஜாஹ் சொன்னது அப்படியே பலித்தது. டாக்டர் எஞ்சினியர் வஜீஹ் முப்பது வருடமாக மற்றவர்களின் ஜாஹாக்களில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தவர். ஓய்வுபெற்ற மந்திரிகளும் ஜெனரல்களும் நடுவில் அமர்ந்து முழங்குவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர். ஹிக்மத் கேட்டவுடன் எழுந்து நின்றார். டையைச் சரிசெய்துகொண்டார். கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது.

“என் சகோதரா, உங்க பையன் என் பையன். சொல்லுங்க, என்னைக்கு?”

“நீங்க சொல்ற அன்னைக்கு. ஒரே ஒரு விஷயம், தலைவரே. ஜாஹாத் தலைவர் மாப்பிள்ளையோட அப்பா வண்டிலதான் வரணும். அதான் முறை.”

தலைவர் அரை நிமிடம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. அதே வண்டியில், அதே ஐந்தரை லிட்டரில், அதே பள்ளத்தாக்கைத் தாண்டிக் காட்டிவிட்டால் போயிற்று! பெண்ணும் கிடைக்கும், வாரியத்தின் மானமும் ஏறும். ஆனால் சோதனை முறைப்படி நடக்க வேண்டும் என்றார்.

முறைப்படி நடந்தது. காரிலிருந்து மாற்றுச் சக்கரத்தை இறக்கினார்கள். ஜாக்கி, மிதியடி, ஹிக்மத் பிரிக்க மனமில்லாமல் வைத்திருந்த இருக்கை உறைகள், முன்கண்ணாடியில் தொங்கிய நீலமணி, எல்லாம் போயின. மற்ற கார்கள் முன்னால் போனால் காற்றைக் கிழித்து அளவைக் கெடுக்கும் என்று, குதைபாவையும் உறவினர்களையும் பாலைவன நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். முஜிப் வழியாக ஹிக்மத்தின் கார் மட்டும். ஹிக்மத் ஓட்ட, பக்கத்தில் தலைவர், பின்னால் கையில் கருவியோடு ஸமீஹ். தலைவர் கோட்டுக்குமேல் ஜாஹாத் தலைவர்களின் கனத்த ஜரிகை அங்கி போட்டிருந்தார். ஏசி கூடாது. கண்ணாடியை இறக்கினால் காற்று இழுக்கும், அதுவும் கூடாது. மதாபா ஊரைத் தாண்டுவதற்குள் தலைவர் ஆவியில் வேகிற இட்லிபோல ஆகிவிட்டார். ஆனாலும் மூடியைத் திறக்க விடவில்லை.

பள்ளத்தாக்கில் இறங்கும்போது கருவி குஷியில் துள்ளியது.

“லிட்டருக்குத் தொண்ணூறு, சார்!” என்று கூவினார் ஸமீஹ். அவர் வாழ்க்கையில் நிஜமாக நகர்கிற காரை அளந்தது இதுவே முதல் தடவை.

அடிவாரத்தில், பாலத்தருகே, தலைவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று ஸமீஹையும், ஹிக்மத்தையும், அங்கே மேய்ந்துகொண்டிருந்த சில ஆடுகளையும் பார்த்துப் பேசினார்.

“தேசம் நம்மைப் பாத்துக்கிட்டிருக்கு. நாங்க இருபத்திரண்டுன்னு சொன்னோம். ஊர் சிரிச்சுது. இன்னைக்கு இந்தப் பள்ளத்தாக்கே தொண்ணூறுன்னு சாட்சி சொல்லுது! நாங்க அடக்கமா, கம்மியாத்தான் சொல்லியிருக்கோம். இதுக்குமேல எவனாவது வாரியத்தைச் சந்தேகப்பட்டா, அவன் இறக்கத்தையே சந்தேகப்படறவன்!”

ஆடு ஒன்று கத்தியது. தலைவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

பிறகு ஏற்றம். முதல் வளைவில் தொண்ணூறு நாற்பதாயிற்று. அடுத்த வளைவில் ஸமீஹ் எண்ணைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டார். போனதடவை நின்ற இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரு வளைவு முன்னதாகவே கார் இருமி அடங்கியது.

“வண்டி நின்னுடுச்சுங்க,” என்றார் ஹிக்மத்.

“நிக்கலை.” தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அளவீடு முழுமை அடைஞ்சிருக்கு.”

“சரிங்க. முழுமை அடைஞ்ச அளவீட்டை இப்ப யார் தள்றது?”

கேட்டபிறகுதான் தானா இப்படிப் பேசினோம் என்று ஹிக்மத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நாக்கு இனித்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். தள்ளவேண்டியவர்கள் இருவர். ஸமீஹ் முழுபலத்தோடு தள்ளியதில் ஸமீஹ்தான் பின்னால் போனார்.

“அவனை எடைக்காக எடுத்தோம், பலத்துக்காக இல்ல,” என்று மூச்சு வாங்கினார் தலைவர். ஜரிகை அங்கியை வரிந்து கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கார் எவ்வளவு கனம் என்று அதன் தலைவருக்குத் தெரியவந்தது அன்றைக்குத்தான்.

மேலேயிருந்து பிக்கப் ஒன்று இறங்கி வந்தது. தலால். கையில் அதே கேன்.

“சலாம் சித்தப்பா! மறுபடியுமா? என்ன, இந்தத் தடவை சீக்கிரமே நின்னுட்டீங்க?”

“அந்தப் பெட்ரோலை ஊத்தாதே!” தலைவர் கையை நீட்டித் தடுத்தார். “வாரியம் அளந்து கொடுத்ததைத் தவிர ஒரு சொட்டு உள்ள போனாலும் சோதனை செல்லாது.”

“அப்ப ஊத்தாம கட்டி இழுக்கவா?”

கயிற்றைக் கட்டினான். பிக்கப் இழுத்தது, கார் பின்னாலேயே ஊர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஸமீஹ் கருவியைப் பார்த்துப் பரபரத்தார்.

“சார்! ஏத்தத்துல போறோம், செலவு பூஜ்யம் காட்டுது!”

அரைமயக்கத்தில் கிடந்த தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “குறிச்சுக்கோ! இப்ப சராசரி போடு!”

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்களை ஹிக்மத் பார்த்திருக்கிறார். மண்ணையே அளந்து கணக்கில் சேர்ப்பவரை அன்றுதான் பார்த்தார்.

இப்படியாக, பெண் கேட்டு வந்த தலைவர், மாப்பிள்ளைக்குப் போட்டியாக நின்றவனின் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு அல்-கஸருக்குள் பிரவேசித்தார். சுற்றிவந்த உறவினர்கள் முன்பே வந்து வரவேற்பறையில் வயிறு காய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் மன்ஸஃப் தட்டுகள் தயாராக இருந்தன. சூடான தயிர்க்குழம்பின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து ஒவ்வொருவர் மூக்கையும் தொட்டுவிட்டுப் போயிற்று.

காப்பி ஊற்றினார்கள். தலைவர் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தார். முப்பது வருடம் மனப்பாடம் செய்த பேச்சாயிற்றே, இறைவனைப் புகழ்ந்து, இரண்டு குலத்தையும் புகழ்ந்து, குதைபாவுக்கு ஹனீனைக் கேட்டு, கணீரென்று முடித்தார். உறவினர்கள் தலையாட்டினார்கள்.

அபூ துர்கி எழுந்து வந்து அவர் எதிரில் அமர்ந்தார்.

“நல்லாப் பேசினீங்க, டாக்டர் எஞ்சினியர். ஒரே ஒரு கேள்வி. அந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு தரும்?”

“முறையான சூழ்நிலையில, தகுந்த—”

“சூழ்நிலை வேண்டாம். நம்பர்.”

“அதாவது, உருளைமேல வச்சு அளந்தா—”

“எங்க ஊர்ல உருளை இல்லைங்க. ரோடுதான் இருக்கு.” அபூ துர்கி கோப்பையைக் காட்டினார். “காப்பி ஆறுது.”

அறையே தலைவரைப் பார்த்தது. குதைபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹிக்மத் மகனைப் பார்த்தார். யா அல்லா, இந்த மனுசன் வாயிலிருந்து ஒரே ஒரு நிஜம் மட்டும் வரட்டும், அப்புறம் வாழ்நாளெல்லாம் அவர் இஷ்டப்படி பேசிக்கொள்ளட்டும் என்று வேண்டினார்.

“இருபத்...” என்று ஆரம்பித்தார் தலைவர்.

அபூ துர்கி புருவத்தை உயர்த்தினார். உறவினர் பக்கமிருந்து யாருடைய வயிறோ நீளமாக உறுமியது. தலைவரின் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. கார் தள்ளிய தோள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். அந்தத் தோளிடம் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

“பதினொண்ணு,” என்றார். “முஜிப் ஏத்தம்னா அதுகூட இல்ல. அந்தச் சனியனை நானே தள்ளிட்டு வந்தேன், எனக்குத் தெரியாதா!”

“காப்பியைக் குடிங்க,” என்றார் அபூ துர்கி.

பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. ஹிக்மத் எழுந்து போய் மகனை இறுக்கக் கட்டிக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. அபூ துர்கி அவர் முதுகில் தட்டினார்.

“நீ பொய் சொல்லலை, அபூ குதைபா. நம்பித் தொலைச்சிருக்கே. நம்புற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்பலாம். டாங்க்கை மட்டும் நிரப்பிக்க.”

“தலால் வருத்தப்பட மாட்டானே?” என்று ஹிக்மத் மெதுவாகக் கேட்டார்.

வாசலில் நின்ற தலால் சிரித்தான். “எனக்கெதுக்கு வருத்தம், சித்தப்பா? மாசக் கடைசில அந்த வளைவுல எத்தனை தங்க வில்லை வந்து நின்னு என்கிட்ட பெட்ரோல் வாங்குது தெரியுமா? இப்போதைக்கு எனக்கு அந்த வளைவு போதும்.”

வாரியம் திருந்தியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு வாரியங்களைத் தெரியாது. ரமழான் முடிந்ததும் டாக்டர் எஞ்சினியர் வஜீஹ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, நேரடிக் கள ஆய்வில் பெரிய குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருப்பதாக அறிவித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குறை காரில் இல்லை, வில்லையிலும் இல்லை. பள்ளத்தாக்கில் இருந்தது. முஜிப் ஏற்றத்தின் அடிவாரத்தில் பெரிய பலகை ஒன்று நட்டார்கள்: ‘எச்சரிக்கை. இந்தப் பள்ளத்தாக்கு வாரியத்தின் தரத்துக்கு உட்பட்டதல்ல.’ தலைவருக்கு அதன்பிறகு ஜாஹா அழைப்புகள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் போனார். டிக்கியில் ஒரு கேன் பெட்ரோலோடு போனார் என்று ஸமீஹ் சொன்னார்.

கல்யாணத்தன்று காலை ஹிக்மத் பங்க்கில் போய் நின்றார். மாதக் கடைசி. நாளைக்கு விலை இறங்கும் என்று ஊரெல்லாம் பேச்சு.

“முழு டாங்க் போடு,” என்றார்.

பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னைக்கா, சார்? நாளைக்குக் கொறையுதே!”

“போடுப்பா. நாளைக்கு எனக்கு மருமகள் வந்திருப்பா.”

மாலையில் மணமக்களைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஹாரன்களும் குலவையுமாக, கார் வரிசை பள்ளத்தாக்கில் இறங்கியது. நஜாஹ் முன்னால் இருந்தார். டிக்கியில் சீர்ப் பெட்டிகளோடு ஒரு தர்பூசணியும் இருந்தது. ஏசி முழுவேகத்தில் ஓடியது. வாரியத்தின் பலகையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது, அதுவரை வெட்கத்தில் பேசாமல் வந்த மணப்பெண், முக்காட்டை விலக்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள். மாமனாரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“மாமா, பெட்ரோல் எவ்வளவு இருக்கு? வாரியக் கணக்குல சொல்லாதீங்க. முஜிப் கணக்குல சொல்லுங்க.”

ஹிக்மத் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், பின்கண்ணாடி மூலையில், தங்க வில்லை இருந்த இடம் வட்டமாக, சுத்தமாக, வெறுமையாக இருந்தது.

“வீடு வரைக்கும் இருக்கும்மா,” என்றார். “வீடு வரைக்கும் இருக்கு.”